ஒன்றியச் செயலாளரின் இதயம்

ஆலங்கொண்டான் இளையபெருமாளுக்கு நெஞ்சு வலி வந்தபோது அவரிடம் ஒரு வழக்கும் இருந்தது. அது நல்லதாகப் போயிற்று. வழக்கு இல்லாதவர்களை டெல்டா இருதய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்த்துக்கொள்வதில்லை.

இந்த விவரம் அவருக்குத் தெரியாது. ஆடி மாதத்திலிருந்தே மண்வெட்டியைத் தூக்கினால் மார்பில் யாரோ நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து வைத்து அமுக்குவதுபோல் இருந்தது. வாய்வு என்று சோடா குடித்துப் பார்த்தார். ஓமத்தண்ணீரும் குடித்துப் பார்த்தார். ஒருநாள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் அப்படியே இருந்துவிட, மனைவி கமலவல்லி பேருந்தில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அழைத்து வந்துவிட்டாள்.

நிலையம் புறவழிச்சாலையில் கண்ணாடி முகப்போடு நின்றது. அரசு கொஞ்சமும் தனியார் கொஞ்சமும் சேர்ந்து நடத்துவது. எந்தக் கொஞ்சம் யாருடையது என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

வாசலில் காவலாளி மறித்தார்.

"என்ன கேஸு?"

"நெஞ்சு வலிங்க."

"அது இங்க எல்லாருக்கும்தான். எந்தக் கேஸுல நெஞ்சு வலின்னு கேட்டேன்."

இளையபெருமாள் மனைவியைப் பார்த்தார். பிறகு, "நில கேஸுங்க" என்றார்.

காவலாளி எழுந்து நின்றார். "மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? ஏசி ரூமா, சாதா வார்டா?"

அவர் சொன்னது பொய்யில்லை. வெண்ணாற்றங்கரையில் அவருக்கு ஆறு மா நஞ்சை, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், இருந்தது. முந்தின ஆட்சியில் ஒன்றியச் செயலாளர் நாகநாதன் அதைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, மனைக்கல் நட்டு, 'பொன்னி நகர்' என்று பலகையும் வைத்துவிட்டார். அப்போது இளையபெருமாள் மனு கொடுத்தார். காவல் நிலையத்தில் வாங்கவில்லை. ஆட்சி மாறியது. இப்போது அவர் கொடுக்காமலேயே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

கைது செய்யப் போனபோது நாகநாதன் வலது மார்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தார். ஆய்வாளர் நல்ல மனிதர். அந்தக் கையை எடுத்து இடது பக்கம் வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

வார்டில் கட்டில்கள் நிறைந்திருந்தன. மணல் குவாரி வழக்கில் வந்தவர் ஒருவர், கூட்டுறவு சங்க முன்னாள் தலைவர் ஒருவர், நெல் கொள்முதல் நிலையத்துச் சாக்கு வழக்கில் ஒருவர் என்று எல்லாரும் நடுவில் கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இளையபெருமாள் மட்டும் படுத்துக்கொண்டு முனகினார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த முன்னாள் தலைவர் அருகில் வந்தார்.

"புதுசா வந்திருக்கீங்க போல. போலீஸ்காரங்க அப்பவே போயிட்டாங்க. இனிமே முனக வேணாம்."

"வலிக்குதுங்க."

"நல்லா பண்றீங்க" என்று மெச்சிவிட்டு அவர் ஆட்டத்துக்குத் திரும்பினார்.

ஏசி அறையிலிருந்து கைலியோடு வெளியே வந்த நாகநாதன் இளையபெருமாளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்னய்யா, நீயும் வந்துட்டியா? உன் மேல யாரு கேஸு போட்டா?"

"நான்தாங்க உங்க மேல போட்டிருக்கேன்."

"ஆமால்ல" என்றார் நாகநாதன். "சரி, உடம்பப் பாத்துக்க."

அன்று பிற்பகல் நிலையத்தில் ஒரு விழா. வெளிநாட்டிலிருந்து ஒரு புதிய இயந்திரம் வந்திருந்தது. மார்பைத் தொடாமல், ஊசி வழியே கொஞ்சம் மருந்து ஏற்றி, இருதயத்து ரத்தக்குழாய்களை முப்பரிமாணத்தில் படம் பிடித்துவிடும். நிலையம் இதை விரும்பி வாங்கவில்லை. நீதிமன்றத்துக்கு இதுவரை அனுப்பிய ஈசிஜி எல்லாம் ஒரே மாதிரி இருப்பதாக நீதிபதி சந்தேகப்பட்டார். ஒரே ஈசிஜிதான் எல்லாருக்கும் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் இயந்திரப் படம் இருந்தால்தான் பேச்சு என்று அவர் சொல்லிவிட்டதால், வேறு வழியில்லாமல் நிலையம் நவீனமாகிவிட்டது.

இயக்குநர் டாக்டர் கல்யாணம் பேசினார். கூட்டம் நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காக வார்டில் இருந்தவர்களையும் உட்கார வைத்திருந்தார்கள்.

"இருதய சிகிச்சையில் உலகம் வேகமாக முன்னேறிக்கொண்டிருக்கிறது. வெளிநாடுகளில், ரத்தக்குழாய்க்குள் வைத்தால் தானே கரைந்துபோகும் ஸ்டென்ட் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாம் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டோம். நமது நோயாளிகளுக்கு நோயே கரைந்துபோகிறது! பிணை உத்தரவு வந்த சில மணி நேரத்தில் நெஞ்சு வலி முழுமையாக நீங்கிவிடுகிறது என்பது நமது ஆய்வின் முடிவு. மாத்திரை இல்லை, கத்தி இல்லை, பக்கவிளைவு இல்லை. முன்பிணை கிடைத்துவிட்டால் வலி வருவதே இல்லை. அதாவது இது தடுப்பு மருந்தாகவும் வேலை செய்கிறது. பிணையில் அடங்கியுள்ள மருத்துவக் கூறு எது என்று பிரித்தெடுக்க நிதி கேட்டிருக்கிறோம். இந்த நிலையம் தொடங்கி இதுவரை ஒரு நோயாளிகூட இறந்ததில்லை. இந்தப் பெருமை உலகத்தில் வேறெந்த இருதய மருத்துவமனைக்கும் இல்லை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இளையபெருமாளும் தட்டினார். இரண்டு தட்டுக்கு மேல் மூச்சு வாங்கியதால் நிறுத்திக்கொண்டார்.

முதல் படம் நாகநாதனுடையது. மறுநாள் அது நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இயந்திரத்தை இயக்கிய மீரா சாகிப் திரையில் வந்த இருதயத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஒண்ணுமே இல்லயே. காலேஜ் பையன் நெஞ்சு மாதிரி இருக்கு."

"நல்லா பாருய்யா" என்றார் டாக்டர் கல்யாணம். "இத்தனை வருஷம் அரசியல்ல இருந்திருக்காரு. ஒரு அடைப்பாவது இருக்கும்."

"எதையும் மனசுல வெச்சுக்க மாட்டாரு போல சார்."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் சுத்தமாகவே இருந்தது. இயந்திரத்தில்தான் கோளாறு என்று டாக்டர் முடிவு செய்தார். வேறொருவரை வைத்துச் சோதிக்க வேண்டும். வார்டில் மற்றவர்கள் ஆட்டத்தின் நடுவில் இருந்தார்கள். "அந்த முனகற ஆளக் கூப்பிடு" என்றார்.

இளையபெருமாளின் இருதயம் திரையில் வந்ததும் டாக்டர் கல்யாணம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். படித்த காலத்துக்குப் பிறகு உண்மையான அடைப்பு ஒன்றை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், தூர் வாராத வாய்க்கால்போல் மேடிட்டுக் கிடந்தது. கிளைகளும் அப்படித்தான்.

"ஆகா!" என்றார். "என்ன அழகு!"

"நல்லா இருக்குங்களா?" என்று படுத்தபடியே கேட்டார் இளையபெருமாள்.

"பிரமாதமா இருக்கு."

இளையபெருமாளுக்குப் பாதி வலி குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நிலையத்தில் யாரும் தவறு என்று நினைக்கவில்லை. ஒருவருக்கு நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய வலி இருந்தது, படம் இல்லை. இன்னொருவரிடம் படம் இருந்தது, அதனால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. படங்களின் மேல் இருந்த பெயர்களை மட்டும் டாக்டர் கல்யாணம் மாற்றச் சொன்னார். மீரா சாகிப் தயங்கினார்.

"சார், அந்த ஆளு செத்துருவாரு சார்."

"செத்தா வீட்லதான சாவாரு? நம்ம கணக்குல வராது."

மாலையில் இளையபெருமாளிடம், "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. தாராளமா வயல்ல எறங்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கமலவல்லிக்கு அது சரியாகப் படவில்லை.

"ஒண்ணுமில்லன்னா, படி எறங்கவே ஏங்க இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"பெரிய டாக்டரே பிரமாதம்னு சொல்லிட்டாரு. வெயிலு."

"பொழுது சாஞ்சிருச்சு. எந்த வெயிலு?"

ஊருக்குப் போகும் பேருந்தில் அவரை ஏற்ற அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கரந்தையில் இருந்த தங்கை வீட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனாள்.

மறுநாள் நீதிமன்றத்தில் எல்லாரும் பிணையை எதிர்பார்த்து வந்திருந்தார்கள். நாகநாதனின் ஆட்கள் வெளியே வெடியோடு நின்றார்கள். ஆனால் அந்த நீதிபதிக்குச் சென்ற வருடம்தான் பைபாஸ் நடந்திருந்தது என்பதை யாரும் விசாரித்து வைக்கவில்லை. அவர் படத்தைக் கையில் வாங்கியதும் அவர் முகம் வெளுத்தது. தன்னையறியாமல் தன் மார்பைத் தடவிக்கொண்டார்.

"இந்த நெஞ்சோட இந்த மனுஷர் உயிரோட இருக்கறதே பெருசு. இவரை இத்தனை நாள் சும்மாவா படுக்க வெச்சிருந்தீங்க? பிணைக்கு என்ன அவசரம்? முதல்ல பிழைக்கட்டும்."

சென்னையிலிருந்து அறுவை நிபுணர் ஒருவரை உடனே வரவழைத்து, மறுநாள் காலையிலேயே பைபாஸ் செய்ய வேண்டும். கண் விழித்ததும் மாஜிஸ்திரேட் நேரில் போய் வாக்குமூலம் பெற வேண்டும் என்று உத்தரவிட்டார்.

"வெட்டறதா!" என்று அறையில் அலறினார் நாகநாதன். "ஜாமீன்னுதானய்யா சொன்ன?"

"கோர்ட்டு உத்தரவுங்க. ஆனா நெனச்சுப் பாருங்க, சென்னை ஜெக்கரியா சார் மாதிரி ஒரு சர்ஜன் கையால..." என்றார் டாக்டர் கல்யாணம்.

"எனக்குத்தான் ஒண்ணுமில்லயே!"

"அப்படிச் சொல்லாதீங்க. பேப்பர்ல இருக்கே."

காலையில் மார்பு முடியை மழிக்க ஆள் வந்தார். ஒரு பக்கம் மழித்து முடித்து, தண்ணீர் எடுக்க அவர் திரும்பிய நேரத்தில் நாகநாதன் பின்படி வழியாக இறங்கி ஓடினார். ஓட்டத்தில் அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. நேரே காவல் நிலையத்துக்குப் போய் ஆய்வாளரின் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை உள்ள போடுங்க."

ஆய்வாளர் அன்போடு அவரை உட்கார வைத்தார். "அது முடியாதுங்க. உங்களுக்கு நெஞ்சுல மூணு எடத்துல அடைப்பு. டிவியிலயே காட்டிட்டாங்க. லாக்கப்புல ஏதாச்சும் ஆயிட்டா என் வேலை போயிரும். தயவுசெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போயி படுங்க."

நாகநாதன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாமியார் வீட்டுக்குப் போய் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிவியில் காட்டினார்கள் என்பது உண்மை. நிலையத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கமலவல்லி மறுபடியும் வந்து சேர்ந்தாள். விடியும்போது இளையபெருமாள் கொல்லைப்பக்கம் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தார். ஆட்டோவில் அவரைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தாள். காவலாளி, "சாரு நல்லாயிட்டாருன்னு அனுப்பிச்சாச்சே, திரும்பச் சேக்க மாட்டாங்க" என்றார். கடையில் தேநீரோடு நின்ற மீரா சாகிப் அவளைப் பார்த்தார். கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

"அம்மா, டிவியில ஓடுதே, அது நாகநாதன் நெஞ்சு இல்ல. உங்க வீட்டுக்காரரோடது. ராத்திரி பூரா தூக்கமில்ல எனக்கு. இதுக்கு மேல என்னால சொல்லாம இருக்க முடியாது."

கமலவல்லி டிவியைப் பார்த்தாள். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு இருதயம் சுழன்றது. முப்பது வருடமாகக் கூட வாழ்ந்தும் அதை அவள் பார்த்ததில்லை. அடையாளம் தெரியாததில் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே காவலாளியைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

இயக்குநர் அறையில் டாக்டர் கல்யாணம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மேலே டாக்டர் ஜெக்கரியா கை கழுவிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். வந்ததும், "நோயாளி எங்கே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நிலையத்தின் வரலாற்றில் யாரும் கேட்காத கேள்வி அது.

"என் புருஷன் நெஞ்சக் குடுங்க" என்றாள் கமலவல்லி.

"யாரும்மா நீ?"

"டிவியில சுத்துதுல்ல, அந்த நெஞ்சுக்காரரு சம்சாரம். அவரு கீழ ஆட்டோவுல கெடக்காரு. அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்தக் கண்ணாடியில ஒண்ணு மிஞ்சாது."

டாக்டர் கல்யாணம் மெல்லத் தலையை நிமிர்த்தினார். படத்துக்கு ஏற்ற நெஞ்சு வாசலிலேயே வந்து நிற்கிறது. அவர் முகத்தில் விஞ்ஞான ஒளி படர்ந்தது.

"அம்மா, ஆபரேஷன் இப்பவே பண்ணலாம். ஒரு பைசா வேணாம். ஒண்ணே ஒண்ணு. அவரு நாகநாதனாப் படுக்கணும்."

ஆட்டோவில் கிடந்த இளையபெருமாளிடம் இதைச் சொன்னபோது, அவர் அந்த நிலையிலும் எழப் பார்த்தார். "என் நெலத்தப் புடுங்குனவன் பேருல நான் சாகறதா?"

"சாவாதீங்க. அதுக்குத்தான படுக்கச் சொல்றேன்" என்றாள் கமலவல்லி. "பேரு எவனுது வேணா இருந்துட்டுப் போவட்டும். நெஞ்சு உங்களது. நீங்க எனக்கு வேணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இறங்குவதற்குக் கையை நீட்டினார்.

ஜெக்கரியா தியேட்டரில் படத்தைப் பார்த்தார், மார்பைத் திறந்து பார்த்தார். இரண்டும் ஒத்திருந்தன. அவருக்கு அது போதும். காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து, அடைத்த இடங்களைச் சுற்றிப் புது வழி தைத்தார். முடித்துவிட்டு, வெளியே தரையில் உட்கார்ந்திருந்த கமலவல்லியிடம், "நல்லா ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிட்டார்.

தீவிர சிகிச்சை அறையின் கண்ணாடிக்கு வெளியே கட்சிக்காரர்கள் வரிசையில் வந்து போனார்கள். உள்ளே குழாய்களுக்கு நடுவே கிடந்தவரைப் பார்த்து, "தலைவரு ரொம்ப எளச்சுட்டாரு" என்றார் ஒருவர். "கருத்தும் போயிட்டாரு" என்றார் இன்னொருவர். சால்வைகளைக் கமலவல்லியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளை வேலைக்காரி என்று நினைத்திருந்தார்கள்.

அவர் பேசும் நிலைக்கு வந்ததும் மாஜிஸ்திரேட் வந்தார். திருச்சியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். உள்ளூர்ப் பிரமுகர்கள் யாரையும் அவர் பார்த்ததில்லை. கூடவே ஆய்வாளரும் வந்தார். கட்டிலில் இருந்த ஆளை ஒரு நிமிடம் பார்த்தார். டாக்டர் கல்யாணத்தைப் பார்த்தார். பிறகு கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்.

"உங்க பேரு?"

"நாகநாதன்" என்று டாக்டர் முந்திக்கொண்டார். "பேஷண்ட் அதிகம் பேசக் கூடாது சார்."

"அதிகம் பேச வேணாம். அந்த ஆறு மா நிலத்தைப் பத்தி மட்டும் சொல்லட்டும். சொல்லுங்க நாகநாதன், அது யாரோட நிலம்?"

 இளையபெருமாள் கண்ணை மூடினார். எத்தனை அலுவலக வாசலில் நின்றிருக்கிறார். ஒருவரும் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதில்லை. கேட்க ஒரு மாஜிஸ்திரேட் கட்டிலுக்கே வந்திருக்கிறார். ஆனால் இளையபெருமாளிடம் கேட்க வரவில்லை.

"அது இளையபெருமாள் நெலங்க" என்றார் மெதுவாக. "அவங்க அப்பா காலத்துலேர்ந்து அவங்கதான் நட்டு அறுக்கறாங்க. வேலி போட்டது, கல்லு நட்டது எல்லாம் நாகநாதன்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். "நாந்தாங்க. தப்புதாங்க. பயிரு நின்ன வயலு. கதிரு வர்ற நேரத்துல ஜேசிபிய எறக்குனேன். அந்த ஆளு பொண்டாட்டி மண்ணை அள்ளித் தூத்துனா. அப்ப நான் சிரிச்சேங்க."

கட்டிலின் மறுபக்கம் நின்ற கமலவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாஜிஸ்திரேட் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "சாவைப் பக்கத்துல பாத்தா மனுஷன் இப்படித்தான் மாறிடறான்" என்றார்.

டாக்டர் கல்யாணத்தின் வாய் திறந்தது. இவர் நாகநாதன் இல்லை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இன்னும் நிறைய வாக்கியங்கள் வரும். வாயை மூடிக்கொண்டார்.

நாகநாதனுக்கும் அதே சங்கடம். வாக்குமூலம் தன்னுடையது இல்லை என்று சொன்னால், நெஞ்சும் தன்னுடையது இல்லை என்று ஆகும். அவருடைய வக்கீல் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "கம்முனு இருங்க, அதுதான் நல்லது" என்றார். வேலி பிரிக்கப்பட்டது. கல் பிடுங்கப்பட்டது. நிலம் திரும்பிவிட்டதால் வழக்கும் முடிந்தது. மனம் திருந்திய ஒன்றியச் செயலாளருக்குக் கட்சி மாவட்டப் பதவி கொடுத்தது.

ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம் இருந்தது. திருக்கடையூரில் நாகநாதனுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது, கலச நீர் ஊற்றச் சட்டையைக் கழற்றினார். மார்பில் ஒரு கீறல்கூட இல்லை. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்துவிட்டார்கள். டாக்டர் கல்யாணம் ஒருநாள் முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது ஓர் ஆய்வுக் கட்டுரையோடு வந்தார்: 'தழும்பில்லாத் திறந்த இருதய அறுவை சிகிச்சை: காவிரிப் படுகை அனுபவம்'.

அடுத்த ஆண்டு தஞ்சாவூரிலேயே சர்வதேச மாநாடு நடந்தது. நாகநாதன் மேடையில் சட்டையைக் கழற்றிக் காட்டினார். பல நாட்டு மருத்துவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வியந்தார்கள். மறுநாள் அவர்களை வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போகும் வழியில், நடவு நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். அந்த வயல் யாருடையது என்று டாக்டர் கல்யாணத்துக்குத் தெரிவதற்குள் அவர்கள் வரப்பில் இறங்கிவிட்டார்கள்.

இளையபெருமாள் நாற்றுக்கட்டுகளை வீசிக்கொண்டிருந்தார். இடுப்பில் வேட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. சேற்று வயலில் யார் சட்டை போடுவார்கள்? கழுத்துக்குழியிலிருந்து மேல் வயிறுவரை ஒரு நேர்கோடு பளபளவென்று ஓடியது.

கூட்டத்தில் வெள்ளை முடியோடு ஒரு வயதான பெண் மருத்துவர் இருந்தார். அவர் நின்று, கோட்டைக் காட்டி ஏதோ கேட்டார்.

"எப்படி வந்ததுன்னு கேக்கறாங்க" என்றார் டாக்டர் கல்யாணம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இவரு ஆஸ்பத்திரியிலதாம்மா அறுத்தாங்க" என்று இளையபெருமாள் அந்த அம்மாளைப் பார்த்தே பணிவாகச் சொன்னார். "நாகநாதன் பேருல. நெஞ்சு என்னுது. சென்னை டாக்டரு தச்சாரு."

டாக்டர் கல்யாணம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: "சிறு வயதில் மாடு முட்டியதாம்."

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். பிறகு, கேட்காமலேயே சேற்றில் ஒரு கால் வைத்து இறங்கி, தழும்பின் மேல் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார். குனிந்து, கெண்டைக்காலில் குழாய் எடுத்த தடத்தையும் பார்த்தார். டாக்டர் கல்யாணத்தைத் திரும்பி வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். டாக்டர் அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்னாங்க சொன்னாங்க?" என்று வரப்பில் நின்ற கமலவல்லி கேட்டாள்.

"அது... ரொம்ப நல்லா தைக்கிற மாடு போலன்னாங்க."

கமலவல்லி சிரித்துவிட்டாள். அந்த அம்மாளும் அவளைப் பார்த்துச் சிரித்தார். நடவுப் பெண்கள், "நாத்து வாடுது, வீசுங்கண்ணே" என்று குரல் கொடுத்தார்கள். இளையபெருமாள் ஒரு கட்டைத் தூக்கி வயலின் அந்தக் கோடிவரை வீசினார். மூச்சு வாங்கவில்லை.